வாகிரா சொன்ன "வேண்டாம்"

எங்கள் யோக்யகர்த்தாவில் தடுக்கி விழுந்தால் ஓர் ஓவியன் மேல்தான் விழ வேண்டும். அதிலும் தென்கோடியில் இருக்கும் எங்கள் தெருவில், பழைய சர்க்கரைக் கிடங்கைக் கண்காட்சிக் கூடமாக மாற்றியதிலிருந்து மாதத்துக்கு ஒரு திறப்பு விழாவாவது நடக்கும். வருஷத்துக்கு ஒரு முறை பெரிய திருவிழா. அப்போது சுவர், மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி எதுவும் வெறுமனே இருக்காது. அசந்து நின்றால் நம் மேலும் சாயம் அடித்துவிட்டுப் போவார்கள்.

நான் துகிமான். கூடத்துக்கு எதிரே தள்ளுவண்டிக் கடை வைத்திருக்கிறேன். பொட்டலச் சோறு, பொரித்த சோயாக் கட்டியான டெம்பே, இஞ்சி டீ. ஓவியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு டீயை வைத்துக்கொண்டு பொழுது முழுக்க உட்கார்ந்து, எனக்குப் புரியாததை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் என் கடைக்குப் பக்கத்துக் காலிமனையில் பைக் நிறுத்த இடம் காட்டுகிறாளே வாகிரா, அவளை யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாகிரா தெற்கே மலைப்பக்கம், குனுங் கிடுலில் பிறந்தவள். மழை பொய்த்தால் மரவள்ளிக் கிழங்கைக் காயவைத்து இடித்துத் தின்கிற பூமி அது. நாலெழுத்து படித்ததும் படிப்பு நின்றது. நகரத்துக்கு வந்தாள், வீட்டு வேலை பார்த்தாள், அப்புறம் துணி துவைத்தாள், நடுவில் ஜுமாடி என்ற கொத்தனாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஜுமாடி வாயைத் திறந்து நான் பார்த்தது குறைவு. இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். கைவலி வந்து துவைக்க முடியாமல் போனபோது, தெருக்காரர்கள் கூடிப் பேசி இந்தக் காலிமனையை அவளிடம் ஒப்படைத்தோம். ஆரஞ்சு நிற மேல்சட்டை, கழுத்தில் விசில். அவள் ஊதினால் எதிர்வீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து வந்து பைக்கை நேராக நிறுத்திவிட்டுப் போவான்.

எங்கள் ஊர் வெயிலில் பைக்கை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சீட்டில் உட்கார முடியாது. அதனால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரையும் போல அவளும் அட்டைப்பெட்டிகளைக் கிழித்து ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு துண்டு போட்டு வைப்பாள். சிக்கல் என்னவென்றால், இங்கே எல்லோரிடமும் இருப்பது ஒரே மாதிரி கறுப்பு பைக். திறப்பு விழா முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் ஒரே கூச்சல். ஒரு தடவை ஒரு மாணவன் அடுத்தவன் பைக்கை முச்சந்தி வரை தள்ளிக்கொண்டே போய்விட்டான், சாவி ஏன் நுழையவில்லை என்று திட்டிக்கொண்டு.

மறுநாள் வாகிரா, கூடத்தின் பின்னால் ஓவியர்கள் வீசிவிட்டுப் போயிருந்த சாய டப்பாக்களின் அடியைச் சுரண்டி, ஓர் அட்டையில் கெளுத்தி மீன் வரைந்தாள். இன்னொன்றில் அடைகாக்கிற கோழி. இன்னொன்றில் மாமியார் மாதிரி முறைக்கிற பூனை. வருகிறவர்களிடம், "உங்க பைக்கு கெளுத்தி மீனு, மறந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் ஆட்களே கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். போன தடவை தவளை கொடுத்தாயே, இந்தத் தடவை எனக்குப் பல்லி வேண்டும் என்று ஒரு பேராசிரியர் சண்டை பிடித்ததை என் காதால் கேட்டேன்.

எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன். அவள் ஆடு வரைந்தால் அது யார் வீட்டு ஆடு என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். அவளிடம் இதைச் சொன்னால் மட்டும், "போங்கண்ணே, அது படமா? வெயிலுக்குப் போடுற அட்டை" என்பாள்.

அப்படிச் சொல்பவள்தான், விழா இல்லாத காலை நேரங்களில் கூடத்துக்குள் தனியாகப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பாள். திறப்பு விழாவுக்கு அவளால் உள்ளே போக முடியாது. கூட்டம் வருகிற நேரத்தில்தானே அவளுக்கு வேலை. ஒருநாள் என் மனைவி மர்சினியிடம் மனசைத் திறந்திருக்கிறாள்: "அண்ணி, ஒரே ஒரு தடவ திறப்பு விழாவுக்கு முன்வாசல் வழியா உள்ள போகணும். சும்மா வேடிக்கை பாக்க இல்ல. செவுத்துல என் படமும் இருக்கணும்." யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். மர்சினி என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நானும் இரண்டொருவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் திருவிழாவில் 'புதியவர் அறை' என்று ஒன்று உண்டு. அதுவரை எங்குமே படம் மாட்டாதவர்களுக்கு மட்டுமான அறை. கலைக்கல்லூரிப் பிள்ளைகள் அதில் ஒரு சுவருக்காக அடித்துக்கொள்வார்கள். அங்கே மாட்டித் தொடங்கியவர்களில் சிலர் இன்று வெளிநாடு போய் வருகிறார்கள், ஊருக்கு வந்தால் என் கடையில் அதே ஒற்றை டீயைத்தான் குடிக்கிறார்கள். அந்த வருஷம் அந்த அறைக்குப் பொறுப்பாக வந்தவன் தோகர்.

தோகர் சுமத்ராக்காரன், மேடான் பக்கத்து பதாக் இனத்து ஆள். அவன் ரகசியம் சொன்னால் தெருக்கோடிக்குக் கேட்கும். மனசு மட்டும் வெள்ளை. முதல் நாள் கடைக்கு வந்தவனிடம், "டீ சாப்பிடுறீங்களா தம்பி" என்றேன். "குடுங்க" என்று உட்கார்ந்துவிட்டான். நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் ஜாவாவில் யாராவது அப்படிச் செய்வார்களா? முதலில், இப்போதுதான் குடித்தேன் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். அதற்கும் மேல் கேட்டால்தான் பெஞ்சில் நகர்ந்து உட்கார்வார்கள். முதல் 'வேண்டாம்' என்பது வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி. உள்ளே வரப் போகிறவன்தான் கழற்றுவான். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், தோகருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவனுடைய பைக்குக்கு வாகிரா ஆட்டு அட்டையைப் போட்டிருந்தாள். கூடத்திலிருந்து வெளியே வந்தவன் அந்த ஆட்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்று, வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தான். மறுநாள் வந்து அவள் எதிரில் நின்று, அம்மா என்கிற மரியாதையோடு 'இபு' என்று கூப்பிட்டு, என் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்:

"இபு, இந்த அட்டைங்கள புதியவர் அறையில மாட்டணும்னு ஆசப்படுறேன். சம்மதமா?"

அவளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. மர்சினி என் தொடையைக் கிள்ளினாள். வாகிரா விசிலைத் திருகிக்கொண்டே, "அய்யோ, அதெல்லாம் வேண்டாம் தம்பி. நான் யாரு, பைக்கு நிறுத்துறவ" என்றாள்.

சொல்ல வேண்டியதை அழகாகச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தோம். தோகரின் முகம் தொங்கிவிட்டது. "சரிங்க இபு, உங்க இஷ்டம். தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று தலையைக் குனிந்து கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான். வாகிரா கையில் ஆட்டு அட்டையோடு நின்றாள்.

அவன் நாளைக்கு மறுபடி கேட்பான் என்று நான்தான் சொன்னேன். அவளும் நம்பினாள். மறுநாளிலிருந்து அவனுடைய பைக்குக்கு மாமர நிழலில் நல்ல இடம் வைத்தாள். புதிது புதிதாக வரைந்தாள். வாத்துக் கூட்டம், சேவல் சண்டை, சிமெண்டுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிற ஜுமாடி. எல்லாவற்றையும் தோகர் ஆசையாகப் பார்ப்பான், நன்றி சொல்வான், கிளம்பிவிடுவான். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே மாட்டான். அவள் ஒருமுறை மறுத்துவிட்டாள், இனி வற்புறுத்துவது அநாகரிகம் என்று அவன் கணக்கு. இவளோ, தானாகப் போய்க் கேட்பது அநாகரிகம் என்று இருக்கிறாள். நடுவில் கிடந்து தவித்தது நாங்கள்.

தோகரிடம் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தோம். வாகிரா இப்போதெல்லாம் நிறைய வரைகிறாள் என்றேன் நான். மனசுக்கு நல்லது, என் அம்மாகூடப் பூச்செடி வளர்க்கிறாள் என்றான். புதியவர் அறைச் சுவரெல்லாம் இன்னும் காலியாகத் தெரிகிறதே என்றாள் மர்சினி. கவலைப்படாதீர்கள் அக்கா, ஒவ்வொரு சுவருக்கும் ஆள் இருக்கிறது என்று அவளுக்கே ஆறுதல் சொன்னான். செவிடன் காதில் சங்கு ஊதினாலாவது காற்று படும். எனக்குப் பொறுக்கவில்லை. அவனை உட்கார வைத்து நேராகவே சொல்லிவிடுகிறேன் என்று துண்டை உதறிக் கிளம்பினேன். வாகிரா ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னா நான் பிச்சை கேட்ட மாதிரி ஆயிடும்ணே. கேட்டு வாங்கி மாட்டுறதுக்கு, மாட்டாமலே இருந்துடலாம்."

வாயைத் திறக்க மாட்டேன் என்று என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் நான் என்ன செய்ய? போய் டெம்பேவைத் திருப்பிப் போட்டேன், பாதி கருகிவிட்டது.

திருவிழாவுக்கு முந்தின நாள் படம் மாட்டும் நாள். கூடத்துக்குள் சுத்தியல் சத்தம். காலிமனை நிறைய ஓவியர்களின் பைக்குகள். செமாராங்கிலிருந்து வரவேண்டிய ஒருவன் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டதாகவும், வாசலை ஒட்டிய சுவர் காலியாகிவிட்டதாகவும், அதற்கு எந்த மாணவனைப் பிடிப்பது என்று தோகர் அலைவதாகவும் டீ குடிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வாகிராவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்து போனாள்.

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்தபோதுதான் கூத்து ஆரம்பித்தது. ஒருவனுக்கும் அவனுடைய பைக் கிடைக்கவில்லை. எல்லா சீட்டிலும் அட்டை இருக்கிறது, எதிலும் படம் இல்லை. வெறும் பழுப்பு அட்டை. என் தவளை எங்கே, என் பூனை எங்கே என்று தாடி வைத்த பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி வரிசைக்கு வரிசை ஓடினார்கள். வாகிரா மாமரத்தடியில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆட்கள் கோபம் வந்தால் கத்த மாட்டார்கள். இப்படித்தான், சத்தமில்லாமல் விளக்கை அணைத்துவிடுவார்கள்.

தோகரும் தேடினான். அவளிடம் வந்து, "இபு, என் ஆடு எங்க?" என்றான்.

"தெரியல தம்பி."

"வரையறத நிறுத்திட்டீங்களா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

வேறு விஷயமாக இருந்தால் தோகர் அதோடு விட்டிருப்பான். இவனுக்கு அந்த ஆட்டின் மேல் அப்படி ஒரு பிரியம். அவள் எதிரில் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அந்தக் குரலுக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். "இல்ல இபு. ஏதோ இருக்கு. என் மேல கோபமா? சொல்லுங்க."

அவன் தெரிந்து கேட்டானோ தெரியாமல் கேட்டானோ, அதற்குள் கேட்க வேண்டிய அளவு கேட்டுவிட்டான். வாகிராவின் வாய் திறந்துகொண்டது.

"நான் வேண்டாம்னு சொன்னத நம்பிட்டியே தம்பி. ஒரு தடவ கேட்ட. ஒரே ஒரு தடவ. எங்க ஊர்ல ஒரு டம்ளர் தண்ணியக்கூட யாரும் ஒரு தடவ மட்டும் கேக்க மாட்டாங்க."

தோகர் அவளையே பார்த்தான். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் எல்லோரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான் இபு" என்றான். "நீங்க அப்படிச் சொன்ன அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறே எறங்கல. மரியாதைக்காகத்தான் மறுபடி வாயத் திறக்கல."

இரண்டு மரியாதையும் சேர்ந்து ஒரு நல்ல காரியத்தைக் குழிதோண்டிப் புதைக்கப் பார்த்திருக்கிறது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப கேக்கறேன். வாசல் செவுரு காலியா இருக்கு. மாட்டலாமா?" என்றான்.

"அய்யோ வேண்டாம் தம்பி, எத்தன பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

அவன் தடுமாறி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம். கண்ணுக்கு யாரும் சத்தியம் வாங்கவில்லையே. விடாதே, விடாதே என்று கண்ணாலேயே அவனைத் தள்ளினேன்.

"மாட்டலாமா இபு?"

"பாக்கறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும், நானும்தான் சிரிச்சேன். மாட்டலாமா?"

வாகிரா எழுந்தாள். கையை மேல்சட்டையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பைக்கின் சீட்டிலிருந்து அட்டையை எடுத்துத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் ஆடு. அத்தனை படங்களும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன, சீட்டைப் பார்த்துக் குப்புறப் படுத்துக்கொண்டு. காலிமனையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் கையில் அகப்பட்ட அட்டையைத் திருப்ப ஆரம்பித்தார்கள். தவளையைக் கண்டுபிடித்த பேராசிரியர் அதைத் தர மாட்டேன் என்று அடம்பிடித்தார். மர்சினி பிடுங்கி வாகிராவிடம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே ஜுமாடி வந்து, சுவரில் கயிறு கட்டினான். துணி காயப்போடுகிற கிளிப்புகளால்தான் அட்டைகளை மாட்டினார்கள். மழைக் கறை, சங்கிலி எண்ணெய், யாரோ உட்கார்ந்து எழுந்த மடிப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. சட்டம் போட வேண்டாம் என்று தோகர் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாட்டி முடித்ததும் அதுவும் போய்விட்டது.

மறுநாள் திறப்பு விழா. மர்சினி தன்னுடைய நல்ல கபாயாவுக்கு இஸ்திரி போட்டு வாகிராவுக்கு உடுத்திவிட்டாள். கழுத்து விசிலைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் அவள் கேட்கவே இல்லை. ஆரஞ்சு மேல்சட்டை எனக்கு வந்தது. விசில் அவளோடு போய்விட்டதால் நான் தொண்டை கிழியக் கத்திக் கத்தி பைக்குகளை நிறுத்தினேன். படம் போட்ட அட்டையெல்லாம் சுவருக்குப் போய்விட்டதால் அன்றைக்குத் திரும்பிப் போகும்போது யாருக்கும் பைக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால் நடந்து போகட்டும்.

எங்கள் வழக்கப்படி கோபுரம் போல் குவித்த மஞ்சள் சோற்றின் உச்சியை வெட்டினார்கள், நீள நீளமாகப் பேசினார்கள், கதவைத் திறந்தார்கள். வாகிரா முன்வாசல் வழியாக உள்ளே போனாள். ஜுமாடி குளித்துத் தலைசீவி அவளுக்கு ஓரடி பின்னால் போனான். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பைக்குகளைப் படைத்தவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, ஆரஞ்சு சட்டையோடு வாசலில் போய் எட்டிப் பார்த்தேன்.

அவள் தன் சுவரின் ஓரமாக, வேறு யாருடைய படத்தையோ பார்க்கிற மாதிரி நின்றாள். கூட்டம் அட்டைகளின் முன்னால் கூடியிருந்தது. சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் நகராமல் அங்கேயே நின்றார்கள். சுரபாயாக்காரர் போல் தெரிந்த, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் ஆட்டின் அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் பட்டது கபாயாவும் விசிலுமாக நின்ற வாகிராதான்.

"இதெல்லாம் நீங்களா வரைஞ்சீங்க?"

எனக்குத் திக்கென்றது. அய்யோ நான் எங்கே, அதெல்லாம் ஒன்றுமில்லை, வெயிலுக்குப் போடுகிற அட்டை என்பாள். வளர்ப்பு அப்படி. அந்த அம்மாளும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார். அந்தப் பக்கம் நின்ற தோகருக்கும் அதே பயம், மறுபடி கேளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டான்.

அந்த அம்மாள் ஒரு தடவைதான் கேட்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் வாகிரா. "நான்தான்."